நூறு வெள்ளிக்குள் ஒரு கருவிப்பெட்டி



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு என்றே எழுதிக்கொண்டிருக்கும் நான் இன்று ஸ்பேனரையும் பஞ்சர் பசையையும் பற்றி எழுத வந்திருக்கிறேன். ‘ஆசிரியருக்கு என்ன ஆயிற்று?’ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டு நகைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரே மாதத்தில் ஐந்து நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆறாம் ஆண்டில் படிப்பவன். வகுப்பில் இருந்தால் கவனித்துக் கற்றுக்கொள்வான். இல்லாத நாளின் பாடத்தைத் தானே படித்துக்கொள்ளும் வசதி வீட்டில் இல்லாதவன். அவன் வராத நாள்களில் இரண்டாம் ஆண்டில் படிக்கும் அவனுடைய தம்பியும் வருவதில்லை. காரணம் கேட்டால், ‘டயர் பஞ்சர், ஐயா’ என்பான். முதன்முறை நம்பினேன். இரண்டாம் முறை ஐயுற்றேன். மூன்றாம் முறை வகுப்பின் முன்னிலையில் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், பதில் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் அவன் வீட்டிற்குப் போனேன். சாலாக் செலாத்தானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு மூன்று கட்டடங்கள் தள்ளித்தான் அவன் வீடு. இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. தந்தை லாரி ஓட்டுநர். வடக்கே சரக்கு ஏற்றிச் சென்றால் வீடு திரும்ப மூன்று நான்கு நாளாகும். தாயார் மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணியாளர். விடிவதற்கு முன்பே எல்.ஆர்.டி. நிலையத்திற்கு நடந்துவிடுவார். பிள்ளைகள் இருவருக்கும் பள்ளி வேன் கட்டணம் மாதம் 160 வெள்ளி. அதை மிச்சப்படுத்துவதற்காகவே 120 வெள்ளி கொடுத்து ஒரு பழைய மிதிவண்டியை வாங்கியிருக்கிறார்கள். அண்ணன் மிதிப்பான், தம்பி பின்னால் அமர்ந்துகொள்வான். பின்சந்துகளின் வழியாகவே பள்ளிக்கு வந்துவிடலாம். பெருஞ்சாலையைத் தொட வேண்டியதில்லை.

அந்த மிதிவண்டி வீட்டு வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. பையன் பொய் சொல்லவில்லை.

‘இதோ வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு என் வீட்டிற்கு ஓடினேன். என்னிடம் ஒரு கருவிப்பெட்டி இருந்தது! 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பிறகு மெல்லத் தளர்ந்தபோது, ஊரே மிதிவண்டி வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். நானும் என் மகளுக்கு ஒன்று வாங்கினேன். அதோடு ஒரு பேரங்காடியில் 49 வெள்ளி 90 காசுக்கு இருபத்தாறு பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியையும் வாங்கினேன். கறுப்பு நெகிழிப் பெட்டி. உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு குழி. திறந்தால் கண் கூசும் பளபளப்பு. மூன்றாண்டுகளுக்கும் மேலாக அதைத் திறந்து பார்த்து மகிழ்ந்ததைத் தவிர வேறு எதற்கும் நான் அதைப் பயன்படுத்தியதில்லை.

அந்தப் பெட்டியோடு மாணவனின் வாசலில் அமர்ந்தேன். தாயார் ‘தே ஓ’ கலக்கி வந்து வைத்தார். பையனும் தம்பியும் இருபுறமும் குந்திக்கொண்டார்கள். பின்சக்கரத்தின் அச்சு நட்டில் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பொருத்தி அழுத்தினேன். நட்டு அசையவில்லை. எழுந்து நின்று காலால் ஒரு மிதி மிதித்தேன். ‘சடக்’ என்று ஓர் ஒலி. ஆகா, திறந்துகொண்டது என்று குனிந்து பார்த்தால், ஸ்பேனரின் வாய் அகன்றிருந்தது. நட்டின் ஆறு முனைகளும் மழுங்கியிருந்தன. அதுவரை வெறும் பஞ்சராக இருந்த ஒன்றைச் சக்கரத்தைக் கழற்றவே முடியாத நிலைக்குக் கொண்டுவந்து விட்டேன். அந்தத் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ‘தேத்தண்ணி ஆறுது, ஐயா’ என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்த மிதிவண்டியை நானே தள்ளிக்கொண்டு புதுக்கிராமத்திலுள்ள ஒரு சீன முதியவரின் கடைக்குப் போனேன். கடை என்பது வீட்டு முன்புறம்தான். முன்பு ஏழு நாளும் திறந்திருக்குமாம். இப்போது முழங்கால் வலியால் வாரத்தில் மூன்று நாள்தான். பையன் ஐந்து நாள் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதியவர் நட்டைத் தடவிப் பார்த்தார். ‘யார் செய்தது?’ என்று மலாயில் கேட்டார். நான் என் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சிக்கு, இது தகரம்’ என்றார். பிறகு மூலையில் இருந்த பழைய மில்க் டின் ஒன்றை இழுத்தார். அதற்குள் அவருடைய கருவிகள். எண்ணிப் பார்த்தேன்: எட்டே எட்டு. ஒரு குறடு, இரும்பு அரம், எண்ணெய் ஊறிய ஒரு வளைய ஸ்பேனர், இரண்டு டயர் நெம்பி... இப்படி. நட்டின் மழுங்கிய முனைகளை அரத்தால் இரண்டு புறமும் தட்டையாக்கி, குறட்டால் இறுகப் பிடித்துக் கழற்றிவிட்டார். புது நட்டு இரண்டு வெள்ளி.

டியூபை வெளியே எடுத்து எனக்குக் காட்டினார். ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், பாம்பு தீண்டியதுபோல இரண்டு கீறல்கள். ‘இது ஆணியில்லை. காற்றுக் குறைவு’ என்றார். டயரில் காற்றுப் போதாமல் இருக்கும்போது மேட்டிலோ பள்ளத்திலோ மோதினால், டியூப் சக்கரத்தின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே நசுங்கி இப்படி இரண்டு இடத்தில் கிழியும். பின்னால் தம்பியின் எடை வேறு. ஒட்டிக் கொடுத்தாலும், காற்றை அப்படியே விட்டால் அடுத்த வாரம் மீண்டும் கிழியும். அதுதான் ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர்.

அந்த நொடியில் எனக்கு விளங்கிய ஒன்றைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அந்தப் பையனுக்கு முதலில் வேண்டியது ஸ்பேனர் அன்று, பம்ப். என்னுடைய இருபத்தாறு பொருள்களில் அது இல்லை! விற்பவர் பெட்டியை நிரப்பும்போது உங்கள் மிதிவண்டியைப் பார்த்து நிரப்புவதில்லை. குழிகள் எல்லாம் நிறைந்திருந்தால் நமக்கும் மனம் நிறைந்துவிடுகிறது.

திருவள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய ஐந்தைச் சொல்கிறார். அவற்றில் கருவி இரண்டாவது, பொருள் முதலாவது. இந்த வரிசையைப் பலமுறை வகுப்பில் கற்பித்திருக்கிறேன். இந்த முறைதான் சட்டைப்பையோடு சேர்த்துக் கற்றேன்.

நூறு வெள்ளி என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். அந்தப் பையன் வீட்டிலேயே இருக்கும்படி ஒரு கருவித் தொகுப்பு; அவனே கையாளத்தக்கது; என் பெட்டியைப்போல ஏமாற்றாதது. கடைக்குப் போகுமுன் மிதிவண்டியின் முன் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். இதை யாரும் செய்யலாம், அரை மணி நேரம்கூட ஆகாது. முன்சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு நட்டையும் திருகையும் தொட்டு, அதன் அளவையும் அது எதற்காக என்பதையும் எழுதினோம். அச்சு நட்டுகள் 15 மி.மீ. மிதிகளும் 15 தான். ஆக ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும். இருக்கைத் தண்டின் பிடிப்பு 13. பிரேக் கட்டைகளும் பிரேக் கம்பியின் பிடிப்பும் 5 மி.மீ. அறுகோணக் குழி. கைப்பிடித் தண்டு 6. தம்பி அமரும் சாமான் தாங்கி 10. இவற்றோடு நான்கைந்து நட்சத்திரத் திருகுகள். அவ்வளவுதான் அந்த மிதிவண்டி! பட்டியல் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. ‘இவ்வளவுதானா, ஐயா?’ என்று பையனே கேட்டான்.

என் தந்தையார் கிள்ளான் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அவருடைய ராலே மிதிவண்டியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு தோல்பை தொங்கும். உள்ளே பல அளவுத் துளைகள் கொண்ட தட்டை ஸ்பேனர் ஒன்று, நெம்பிகள், மணற்றாள், ஒரு சிறு பசைக் குழாய். அந்தப் பை இன்றும் என்னிடம் உள்ளது. அதையே கொடுத்துவிடலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால் அது அங்குலக் கணக்கில் செய்யப்பட்டது. 5/8 அங்குலம் என்பது ஏறத்தாழ 15.9 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் நட்டில் போட்டால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆடும். ஆடினால் மீண்டும் முனை மழுங்கும். எனவே தந்தையின் பை அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய கருவி என்றவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதன் காலாட்படையில் பெரும்பகுதி வந்தது மிதிவண்டியில்தான். அப்படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான சுஜி மசனொபு பின்னாளில் எழுதிய நூலில், ஒவ்வொரு கம்பெனியிலும் குறைந்தது இருவர் மிதிவண்டி பழுதுபார்க்கவே இருந்ததாகவும், நாளொன்றுக்குச் சராசரி இருபது வண்டிகளைச் சரிசெய்ததாகவும் குறிப்பிடுகிறார். போருக்கு முன்பே மலாயாவில் மலிவான சப்பானிய மிதிவண்டிகள் ஏராளமாக விற்பனையாகியிருந்ததால், உதிரிப் பாகங்களும் எங்கும் கிடைத்தனவாம். வெப்பத்தில் டயர் வெடித்தால் வெறும் விளிம்பிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் டாங்கி வருவதாக அஞ்சினார்கள் என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் படையால் நம் மக்கள் பட்ட துன்பத்தை நான் மறக்கவில்லை. சயாம் மரண இரயில்வேக்குப் போய்த் திரும்பாதவர்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. ஆயினும் எதிரியிடமிருந்தும் ஒன்றைக் கற்கலாம்: ஊரில் எந்தப் பாகம் எளிதில் கிடைக்கிறதோ, அதற்கேற்ற கருவியை வைத்துக்கொள்வது.

சரி, கடைக்குப் போவோம்.

புடுவிலுள்ள ஜாலான் பாசார் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது என்றாலும், கைக்கருவி விற்கும் கடைகளும் அங்கு உண்டு. ஒரு சனிக்கிழமை பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். முதலில் பம்ப். கையடக்கப் பம்ப் 15 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் அதைக்கொண்டு தேவையான அழுத்தத்தை எட்டுவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இரு கையாலும் அழுத்தும் நிற்கும் பம்ப், அழுத்தமானியோடு, 38 வெள்ளி. நூற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போயிற்று. வருத்தமில்லை. ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அதற்குரிய அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அவன் டயரில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை என்றிருந்தது. தம்பியை ஏற்றிச் செல்வதால் பின்சக்கரத்திற்கு 55 என்று முடிவு செய்தோம். மகிழுந்து டயரில் உள்ள அதே வகை வால்வுதான் என்பதால் எண்ணெய் நிலையத்தில் இலவசமாகவே காற்று அடிக்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம். ஆனால் அந்த இயந்திரம் பெரிய டயருக்கானது. மிதிவண்டியின் சிறிய டியூப் சில நொடிகளில் நிரம்பி வெடித்துவிடக்கூடும். மேலும் அங்கே போக அவன் பெருஞ்சாலையைக் கடக்க வேண்டும்.

அடுத்தது 15 மி.மீ. ஸ்பேனர். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டா. ஒரு முனை திறந்தும் மறுமுனை வளையமாகவும் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வளையம் நட்டின் ஆறு முனைகளையும் ஒருசேரப் பிடிக்கும். திறந்த வாய் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். தகட்டை வெட்டிச் செய்தது எது, சூட்டில் அடித்து வார்த்தெடுத்தது எது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்: தகட்டின் விளிம்பு கூராகவும் கனம் ஒரே சீராகவும் இருக்கும், அடித்துச் செய்ததில் நடுத்தண்டும் தலையும் வெவ்வேறு கனத்தில் இருக்கும். எனக்குக் கிடைத்தது 11 வெள்ளி. அது ஒன்றே என் பழைய பெட்டியின் முழு எடையில் பாதி இருக்கும் போலிருந்தது!

‘எல்’ வடிவ அறுகோணச் சாவிகள் ஒரு தொகுதி 18 வெள்ளி. தனியாக 5-உம் 6-உம் மட்டும் வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். ஆனால் தனியாக விற்கமாட்டேன் என்றார் கடைக்காரர். நெகிழி நெம்பிகள் மூன்று, 6 வெள்ளி. பஞ்சர் ஒட்டும் சிறு பெட்டி 4 வெள்ளி. நட்சத்திரத் திருப்புளி 7 வெள்ளி. சங்கிலி எண்ணெய் 12 வெள்ளி. கூட்டிப் பாருங்கள், 96. 10-உம் 13-உம்? அவற்றை என் பழைய பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். சாமான் தாங்கியின் நட்டும் இருக்கைப் பிடிப்பும் அவ்வளவு இறுக்கம் வேண்டாதவை; தகர ஸ்பேனரும் அங்கே தாங்கும். ஆகவே அந்தப் பெட்டி முற்றிலும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வாங்காமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். கடையில் கண்ணைப் பறிப்பவை அவைதாம். மிதித்தண்டைப் பிடுங்கும் கருவி, நடு அச்சைக் கழற்றும் கருவி, பல்சக்கரத்தைக் கழற்றும் சவுக்கு ஆகியவை. ஒரு வீட்டு மிதிவண்டிக்கு இவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தேவைப்படும். அதற்கு முதியவர் இருக்கிறார். சங்கிலித் தேய்மானத்தை அளக்கும் கருவியும் வேண்டா, பள்ளிப் பையிலுள்ள அடிக்கோலே போதும். சங்கிலியின் ஒரு முளையின் நடுவில் சுழியத்தை வைத்தால், புதிய சங்கிலியில் அங்கிருந்து இருபத்து நான்காவது முளையின் நடு, சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் போயிருந்தால் காலம் கடந்துவிட்டது; பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அவனுடையது 1/16-க்குச் சற்றுக் குறைவு. அன்று அவனுக்குப் பின்னக் கணக்கில் இருந்த அச்சமும் கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கிறேன்.

சங்கிலியைத் துடைக்கப் பழைய பல்துலக்கியும் கிழிந்த பள்ளிச் சட்டையும். ஓட்டையைக் கண்டுபிடிக்க வாளித் தண்ணீர். இவற்றுக்குக் காசில்லை.

ஒட்டும் முறையை முதியவரே கற்றுக்கொடுத்தார். நான் இதுநாள்வரை தவறாகவே நினைத்திருந்தேன். பசையைத் தடவியவுடன் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்துவதுதான் முறை என்று எண்ணியிருந்தேன். அப்படியன்று. மணற்றாளால் ஓட்டையைச் சுற்றி நன்றாகத் தேய்த்து, பசையை மெல்லியதாகப் பூசி, பளபளப்புப் போய் மங்கலாகும்வரை ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், விரலோடு வரக்கூடாது. அதன்பிறகே துண்டை வைத்து அழுத்த வேண்டும். பையன் முதலாவதைப் பொறுமையின்றி ஒட்டினான். காற்றடித்ததும் உரிந்து வந்தது. இரண்டாவதற்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தான். அது நின்றது.

இடப்புற மிதியைக் கழற்றும்போது இருவருமே ஏமாந்தோம். எவ்வளவு முக்கியும் அசையவில்லை. இடது மிதியின் திருகு எதிர்த்திசையில் ஓடும் என்பதை முதியவர் சொல்லியிருந்தார். ஆசிரியரும் மறந்தார், மாணவனும் மறந்தான். நல்ல வேளையாக ஸ்பேனர் தகரம் இல்லை; நட்டும் கையும் தப்பின.

அதன்பிறகு அவன் வராத நாள் என்று ஆண்டிறுதிவரை இரண்டுதான், இரண்டும் காய்ச்சல். வகுப்பின் முன் கடிந்துகொண்டதற்கு வகுப்பின் முன்னேயே மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது பெரிய கூச்சமாகிவிட்டது. எனக்கும்தான்.

இப்போது அவன் படிவம் ஒன்று, இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். தம்பிக்குக் கால் எட்டத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் மாலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் பஞ்சர் பெட்டியோடு நின்றான். ‘பசை காய்ஞ்சு போச்சு, ஐயா’ என்றான். குழாயை ஒருமுறை திறந்துவிட்டால் எவ்வளவு இறுக மூடினாலும் சில மாதங்களில் உள்ளேயே உறைந்துவிடும். அதை நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் ஒட்டுத்துண்டுகளும் இரண்டுதான் மிச்சமிருந்தன.

‘உன் டயர் இத்தனை முறையா பஞ்சரானது?’ என்று கேட்டேன்.

‘இல்லை, ஐயா. கீழ்மாடி அக்காவோடது ஒன்னு, பக்கத்து பிளாக் மலாய்க்காரப் பையனோடது ரெண்டு. அப்புறம் அந்தக் கடைத் தாத்தாவோட பேரன்து. தாத்தாவுக்குக் கால் வலியாம், கீழே உக்கார முடியலையாம்.’

பசைக்குழாய் மட்டும் தனியாக இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கிறது. இம்முறை மூன்றாக வாங்கி வந்திருக்கிறேன்.